இருவரில் ஒருவர்

செல்லபாய் என் அறைக்கு வந்தது 1952 பிப்ரவரி கடைசியில். அதற்கு முன்பே நாகர்கோவில் கோர்ட்டைச் சுற்றியிருந்த மூன்று வக்கீல்களைப் பார்த்துவிட்டாள். ஒருவர் இது போலீஸ் விவகாரம் என்றார். இன்னொருவர் பிராது எழுதலாம், ஆனால் எங்கே கொடுப்பது என்று தெரியவில்லை என்றார். மூன்றாமவர், "ராகேல்னு ஒரு பெண் வக்கீல் உண்டு. அது இந்த மாதிரி எதையோ படிச்சிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் கிண்டலாகச் சொன்னதுதான். ஆனால் நான் படித்திருந்ததும் உண்மை.

திருவனந்தபுரம் சட்டக் கல்லூரியில் நாடுகளுக்கு இடையிலான சட்டம் என்று ஒரு பாடம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு. பாதிப் பேர் தூங்குவார்கள். நான் அதில் முதல் மார்க் வாங்கினேன். நாகர்கோவிலில் செல்வதாஸ் சாரிடம் ஜூனியராகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியும் அந்தப் படிப்புக்கு ஒரு வேலையும் வரவில்லை. தென்னந்தோப்பு எல்லை, பாகப்பிரிவினை, குளத்து மடை, இவைதான் எங்கள் கட்சிக்காரர்களின் உலகம். "ரெண்டு ராஜ்யம் சண்டைபோட்டா ராகேலக் கூப்பிடுவோம்" என்பார் செல்வதாஸ் சார்.

செல்லபாய்க்கு முப்பத்தொரு வயது. முட்டத்துக்காரி. கையில் ஒரு கடிதம் வைத்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காராமலே பேசினாள்.

"எனக்க வீட்டுக்காரரும் தம்பியும் கடலுக்குப் போய் வரல்ல. செத்துப் போனாவன்னு முப்பதாம் நாள் பூசைக்கு சாமியாருட்ட சொல்லியாச்சு. பூசைக்கு ரெண்டு நாள் இருக்கயில இது வந்துது."

கடிதத்தைக் கொழும்பு முகாமில் அடைபட்டிருந்த ஒரு தூத்துக்குடிக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். விஷயம் இதுதான். ஜனவரி மூன்றாம் வாரம் செல்லபாயின் கணவர் ஏசுஅடிமையும் அவள் தம்பி யோவானும் கட்டுமரத்தில் போனார்கள். வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. பாய்மரம் முறிந்தது. மூன்று நாள் தெற்கே அடித்துக்கொண்டு போனார்கள். நாலாம் நாள் காலையில் நார்வே நாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்று அவர்களைத் தூக்கி ஏற்றிக்கொண்டது. கப்பல் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்ததால் கொழும்பில் இறக்கிவிட்டது. இறங்கிய இடத்தில் பாஸ்போர்ட் கேட்டார்கள். கட்டுமரத்தில் போனவனிடம் பாஸ்போர்ட் ஏது? அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து தோணியில் திருட்டுத்தனமாக இலங்கைக்குப் போகிறவர்கள் நிறைய. இவர்களும் அந்தக் கூட்டம் என்று முகாமில் வைத்துவிட்டார்கள். "இந்த ஆட்கள் எங்கள் பிரஜைகள்தான் என்று உங்கள் அரசாங்கம் சொன்னால் அனுப்பிவிடுகிறோம்" என்று அங்கே சொல்கிறார்களாம்.

"கொழும்பு சர்க்காருக்க மேல கேஸ் போடணும்" என்றாள் செல்லபாய். "தண்ணியில கிடந்தவன ஜெயில்ல வச்சிருக்காவ."

கேஸ் போட முடியாது என்று சொன்னேன். ஒரு நாட்டின் கோர்ட் இன்னொரு நாட்டின் அரசாங்கத்தைக் கூண்டில் ஏற்ற முடியாது. நாடு சின்னதோ பெரியதோ, ஒன்றுக்கொன்று சமம். யாரை உள்ளே விடுவது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். இதையெல்லாம் எனக்குத் தெரிந்த எளிய சொற்களில் சொன்னேன்.

"அப்ப நான் அவியளுக்கு ஒரு காயிதம் எழுதுதேன்."

"எழுதலாம். ஆனா பதில் சொல்லணும்னு அவங்களுக்குக் கட்டாயம் இல்ல. நாடு நாட்டோடதான் பேசும். அங்க நீங்களும் நானும் கணக்கிலயே இல்ல."

"அப்ப நம்ம நாட்டப் பேசச் சொல்லுங்க" என்றாள்.

அதுதான் செய்ய வேண்டியதும். முதல் மார்க் வாங்கிய எனக்கும் அதைவிட நல்ல விடை கிடைத்திருக்காது.

தன் பிரஜையைத் திரும்ப ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று சொல்ல எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் மனு எழுதினேன். தாலுகா அலுவலகத்துக்கு ஒரு நகல், அப்போது எங்கள் தலைநகரான திருவனந்தபுரத்துக்கு ஒன்று, டெல்லிக்கு ஒன்று, கொழும்பிலுள்ள இந்திய ஹைகமிஷனருக்கு ஒன்று. இரண்டு பேரும் முட்டத்தில் பிறந்தவர்கள், அரசியல் சட்டம் வந்த நாளில் முட்டத்தில் குடியிருந்தவர்கள், ஆகவே இந்தியப் பிரஜைகள். ஏசுஅடிமையின் ஞானஸ்நானச் சான்றை முட்டம் கோயிலிலிருந்து வாங்கி இணைத்தேன். அந்த வாரம் சாமியார் காய்ச்சலில் படுத்துவிட்டார். யோவானின் சான்று பின்னால் வரும் என்று எழுதி மனுவை அனுப்பிவிட்டேன்.

மனுவைச் செல்லபாய்க்கு வாசித்துக் காட்டவில்லை. இங்கிலீஷில் இருந்தது, அவசரம் வேறு. இதை இங்கே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு அதுவே காரணம்.

மாசத்துக்கு ஒருமுறை செல்லபாய் வருவாள். மீன் விற்றுவிட்டு, ஓலைக்கூடையான கடவத்தை என் அறைக்கு வெளியே வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு உள்ளே வருவாள். பதில் வந்ததா என்று கேட்பாள். வரவில்லை என்றால் வீண் பேச்சு பேசாமல் போய்விடுவாள். ஒருநாள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தக் கப்பல்காரன் நார்வேன்னு சொன்னியளே. அவனுக்கு நம்மளோட என்ன பந்தம்? எதுக்கு நிறுத்தி ஏத்தினான்?"

கடலில் உயிருக்குத் தவிக்கிறவனைக் காப்பாற்றுவது எல்லா நாட்டுக் கப்பலுக்கும் உள்ள கடமை என்றேன். முதலில் வழக்கமாக இருந்தது, பிறகு நாடுகள் கூடி ஒப்பந்தமாகவும் எழுதிக்கொண்டார்கள் என்றேன்.

"எழுதுனா மட்டும் செய்வானா? எங்க ஊருக்கும் பக்கத்து ஊரு கடியப்பட்டணத்துக்கும் வலைத் தகராறு வராத வருஷம் கிடையாது. மண்டைய உடைப்பாவ. ஆனா கடியப்பட்டணத்துக்காரனுக்க மரம் கவுந்துதுன்னா எங்க ஆளு கயிறு எறிஞ்சிட்டுத்தான் மறுவேல பாப்பான். அவனும் அப்பிடித்தான். ஆரும் எழுதி வைக்கல்ல. நாளைக்கு நாமளும் கவுருவோம்னு தெரியும்லா."

இதைச் சொல்ல என் பேராசிரியருக்கு மூன்று வாரம் ஆனது. நாடுகளுக்கு மேலே போலீஸ் கிடையாது, பிறகு ஏன் அவை சட்டத்துக்குக் கட்டுப்படுகின்றன என்ற கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பல பேருடைய கொள்கைகளை வரிசையாகச் சொன்னார். பரீட்சையில் நான் அந்த வரிசையை மாற்றாமல் எழுதினேன்.

ஜூன் மாதம் ஏசுஅடிமை வந்துவிட்டார். தலைமன்னாரில் கப்பலேற்றி, தனுஷ்கோடியில் இறக்கி, திருநெல்வேலி வரை ரயில், பிறகு பஸ். மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் கணவனும் மனைவியும் என் அறைக்கு வந்தார்கள். அவர் மெலிந்திருந்தார். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். செல்லபாய் அவரிடமிருந்து விலகி, ஜன்னல் பக்கம் நின்றாள். சந்தோஷமாக வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"யோவான் எங்க?" என்று கேட்டேன்.

"அத அவருட்டக் கேளுங்க" என்றாள்.

ஏசுஅடிமை தரையைப் பார்த்தபடி சொன்னார். யுத்த காலத்தில் அவர் கொழும்புத் துறைமுகத்தில் இரண்டு வருஷம் கூலி வேலை பார்த்தவர். அப்போது கொடுத்த அட்டையின் நகல் அங்கே ஒரு கோப்பில் இருந்தது. அதில் 'திருவிதாங்கூர் பிரஜை, முட்டம்' என்று எழுதியிருந்தது. அப்படி ஒரு நாடு இப்போது பட்டியலில் இல்லையே என்று அங்கே ஒரு அதிகாரி ஒரு மாதம் யோசித்தாராம். நான் அனுப்பிய சான்றிலும் முட்டம் என்று இருந்ததால், நாடு போனாலும் ஊர் ஒன்றுதான் என்று முடிவு செய்து, அவரை இந்தியர் என்று ஒப்புக்கொண்டார்கள்.

"யோவானுட்டயும் எங்க பிறந்தன்னு கேட்டாவ. கொழும்புலன்னு பறஞ்சிட்டான்."

எனக்குப் புரியவில்லை. "ஏன் அப்படிச் சொன்னார்?"

"அவன் கொழும்புலதானே பிறந்தான்" என்றாள் செல்லபாய். "நான் பிறந்த பொறவு அப்பனும் அம்மையும் பிழைக்க அங்க போனாவ. அவனுக்கு ஆறு வயசுல திரும்பி வந்தோம். இந்த ஊருல பிறந்தவன்னு பறஞ்சா விட்டிருவாவன்னு நெனச்சிருப்பான்."

கொழும்பில் பிறந்ததால் இலங்கைப் பிரஜை ஆகிவிட முடியாது. அவர்களுடைய புதுச் சட்டப்படி அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதனால் கொழும்பில் "எங்களவன் இல்லை" என்றார்கள். மறுபக்கம் என் மனுவில், முட்டத்தில் பிறந்தவன் என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கொழும்பில் அவன் வாக்குமூலம் ஒன்று, இங்கே அவனுடைய வக்கீலின் மனு வேறொன்று. ஜூலையில் தாலுகா அலுவலக அறிக்கையின் நகல் ஒன்று எனக்கும் வந்தது: யோவான் என்பவர் பிறந்த இடம் இலங்கை, முட்டம் கோயில் பதிவில் அவர் பெயர் இல்லை, மனுதாரர் தரப்பு தந்த தகவல் தவறானது, ஆகவே இந்தியப் பிரஜை என்று சான்று தர இயலாது.

அறிக்கையை மடித்து மேஜைக்குள் வைத்துவிட்டு, செல்லபாய் அடுத்த முறை வந்தபோது நடந்ததைச் சொன்னேன். தவறு என்னுடையது என்றேன். எங்கே பிறந்தான் என்று உங்களிடம் நான் கேட்டிருக்க வேண்டும்.

அவள் முகம் மாறவில்லை. "நீங்க கேக்கல்ல. நானும் பறயல்ல. இனி என்ன செய்யணும்?"

என்னை அவ்வளவு எளிதாக விட்டவள் தன் கணவனை விடவில்லை. வீட்டில் சோறு வைப்பாள், பேசமாட்டாள். இதை எனக்கு ஏசுஅடிமையே சொன்னார். ஒருநாள் தனியாக வந்திருந்தார். வேறொருவருடைய மரத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார் அப்போது.

"நீங்க அவன விட்டுட்டு வந்ததாத்தான் அவங்க நினைக்கிறாங்க" என்றேன். "அங்கேயே இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு நான் சொல்லிப் பாக்கட்டுமா?"

"வேண்டாம் வக்கீலம்மா. அவ நினைக்கது சரிதான்." பிறகு விடுதலையான நாளைப் பற்றிச் சொன்னார். "காலையில வந்து எனக்க பேரக் கூப்பிட்டாவ. ரெண்டு பேரையும் கூப்பிடுவாவன்னு நெனச்சேன். ஒரு பேருதான் கூப்பிட்டாவ. நான் எழும்பினேன். கையெழுத்துப் போடச் சொன்னாவ, போட்டேன். வாசல் தாண்டின பொறவுதான் அவன் நெனப்பே வந்துது. திரும்பிப் பாத்தேன், கதவு அடைச்சாச்சு. கடல்ல மூணு நாளும் அவன்தான் என்னப் பிடிச்சு வச்சிருந்தான். எனக்கு ராத்திரி கண்ணு தெரியாது பாத்துக்கிடுங்க. தண்ணியில விழாம எனக்க இடுப்பத் தன்னோட சேத்துக் கட்டியிருந்தான்."

நான் அவரைத் தேற்றவில்லை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு என்றேன். யோவானை ஆறு வயதிலிருந்து முட்டத்தில் பார்த்து வருவதாக மாஜிஸ்டிரேட் முன்னால் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த வாரமே கொடுத்தார். பிறகு திருவனந்தபுரத்துக்குக் காகிதங்கள் கொண்டுபோக வேண்டிய நாளிலெல்லாம் அவர்தான் போனார். தபாலில் அனுப்பலாம் என்று சொன்னாலும் கேட்கமாட்டார். அலுவலக வராந்தாவில் நின்று, முத்திரை வைத்த ரசீதை வாங்கிக்கொண்டுதான் திரும்புவார்.

அரசியல் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு நான் மனப்பாடமாகச் சொல்லக்கூடியது. இந்தியாவில் குடியிருப்பவர் இங்கே பிறந்திருந்தால் பிரஜை. அவர் வெளியே பிறந்திருந்தாலும், பெற்றோர் இருவரில் ஒருவர் இந்திய எல்லைக்குள் பிறந்திருந்தால் போதும், அவரும் பிரஜை. முதல் வரியோடு நான் நின்றுவிட்டேன். இரண்டாம் வரி யோவானுக்காகவே எழுதியது போல இருந்தது.

இருவரில் ஒருவர் எங்கே பிறந்தார் என்று காட்ட வேண்டும். அப்பாவின் ஞானஸ்நானப் பதிவு இருந்திருக்கக்கூடிய முட்டத்துப் புத்தகத்தைக் கரையான் தின்றிருந்தது. அட்டையைத் திறந்தால் தூளாகக் கொட்டியது. அம்மா எந்த ஊர் என்று கேட்டேன். கடியப்பட்டணம் என்றாள் செல்லபாய்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம். வள்ளியாற்றில் தண்ணீர் அதிகம்; தோணியில் கடந்தோம். கடியப்பட்டணத்துச் சாமியார் வயதானவர், பதிவுப் புத்தகங்களைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். லத்தீனில் எழுதிய பக்கங்களை அவரே புரட்டினார். அம்மா எந்த வருஷம் பிறந்தார் என்று செல்லபாய்க்குத் தெரியாது. சாகும்போது நாற்பதுக்கு மேல் இருக்கும் என்றாள். பத்து வருஷத்துப் பதிவுகளைப் பார்த்தோம். அந்தப் பெயரில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். கடைசியில் ஞானஸ்நானத் தாயின் பெயரை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். ஞானஸ்நானத்தில் அம்மாவுக்குத் தலைதொட்ட அந்தக் கிழவி காதில் பாம்படம் போட்டுக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வருவாள் என்று செல்லபாய்க்குப் பெயரோடு ஞாபகம் இருந்தது. வருஷம் 1896.

சாமியார் சான்றை எழுதுகிறவரை செல்லபாய் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"எதுல அம்மைக்க பேரு?" என்று கேட்டாள். காட்டினேன். விரலை மையின்மேல் படாமல் சற்று மேலே வைத்துக்கொண்டாள்.

தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர் பொன்னுலிங்கம். சுசீந்திரத்துக்காரர். கெட்ட மனிதர் அல்ல. முப்பது வருஷம் கோப்புகளோடு இருந்தவர். தன் கையெழுத்தால் பிற்பாடு தனக்கு எந்தக் கேள்வியும் வரக்கூடாது என்பதில் கவனமானவர். நான் போனதும் நாற்காலி போடச் சொன்னார்.

"வக்கீலம்மா, உங்க மனுவுல ஒண்ணு எழுதியிருக்கு, அந்த ஆளு ஒண்ணு சொல்லியிருக்கான். நான் எத நம்பணும்?"

"அவர் சொன்னத நம்புங்க. நான் எழுதினது தப்பு. அத ஒத்துக்கிட்டு இன்னைக்குத் திருத்த மனு கொண்டுவந்திருக்கேன்."

வக்கீல் ஒருவர் தப்பு என்று சொல்லி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் அரசியல் சட்டப் புத்தகத்தை விரித்து ஐந்தாம் பிரிவைக் காட்டினேன். கடியப்பட்டணத்துச் சான்றைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் நிதானமாக வாசித்தார்.

"அம்மைக்க பிறப்பு 1896. சரி. ஆனா அன்னைக்குக் கடியப்பட்டணம் இந்தியாவுலயா இருந்துது? திருவிதாங்கூர்லல்லா இருந்துது. மகாராஜாவுக்க ராஜ்யம் வேற, இந்தியா வேற. சட்டத்துல இந்திய எல்லைன்னு போட்டிருக்கு."

வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், 1947 ஜூனிலும் ஜூலையிலும், திருவிதாங்கூர் தனி நாடாகவே இருக்கப்போகிறது என்று அறிவித்திருந்த சமயத்தில், நாங்கள் கல்லூரியில் இதைப் பற்றித்தான் இரவும் பகலும் சண்டை போட்டோம். நாடு என்பதற்கு என்ன வேண்டும்? நிலம், ஜனம், அரசாங்கம், மற்ற நாடுகளோடு பேசும் தகுதி. முதல் மூன்றும் இருக்கிறதே என்பார்கள் ஒரு கட்சியார். மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் அது நாடா என்பார்கள் இன்னொரு கட்சியார். ஜூலை முடிவதற்குள் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்துவிட்டார், சண்டையும் நின்றுவிட்டது.

"ராஜ்யம் மாறலாம் சார். நிலம் மாறல்ல. அந்த நிலம் இப்ப எந்த எல்லைக்குள்ள கிடக்குன்னுதான் சட்டம் கேக்குது."

"அது உங்க வியாக்கியானம்."

"நீங்க எங்க பிறந்தீங்க?"

"சுசீந்திரம்."

"எந்த வருஷம்?"

"கொல்லம் ஆயிரத்து எழுபத்தஞ்சு." இங்கிலீஷ் கணக்கில் 1900 வாக்கு.

"அன்னைக்குச் சுசீந்திரம் எந்த நாடு?"

பக்கத்து மேஜையில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்.

"சரி" என்றார் பொன்னுலிங்கம். "பிறப்புச் சரி. குடியிருப்பு? ஆறு வயசுல வந்தான்னு அவனுக்க அத்தான்தானே எழுதிக் குடுத்திருக்கான். சொந்தக்காரனுக்க சாட்சி. நாளைக்கு மேலிடத்துல கேட்டா நான் என்ன காட்டுவேன்?"

அதற்கு நான் ஒன்று கொண்டுபோயிருந்தேன். போன தேர்தலுக்காக அச்சடித்த வாக்காளர் பட்டியல், முட்டம் பகுதி. யோவானின் பெயர், அப்பா பெயர், வீட்டு எண், வயது இருபத்திரண்டு, எல்லாம் அதில் இருந்தது. கட்டுமரம் தொலைவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் அவன் விரலில் மை வைத்துக்கொண்டு ஓட்டுப் போட்டிருந்தான். அதைச் சொன்னது செல்லபாய். மை போகவில்லை என்று மணலில் தேய்த்துக்கொண்டிருந்தானாம்.

"பிரஜை இல்லாதவங்க பேரு இதுல வரக்கூடாது சார். இத யாரு தயார் பண்ணினாங்கன்னு கடைசிப் பக்கத்துல இருக்கு."

அவர் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. வீடு வீடாக ஆட்களை அனுப்பி அந்தப் பட்டியலைத் தயாரித்தது அவருடைய அலுவலகம்தான். யோவான் இந்தியன் இல்லை என்றால் பட்டியல் தப்பு. பட்டியல் சரி என்றால் ஜூலை மாதத்து அறிக்கை தப்பு. இரண்டு காகிதத்திலும் இருப்பது ஒரே கையெழுத்து.

"ரெண்டு நாள் குடுங்க" என்றார்.

நாலு நாளில் புது அறிக்கை போனது. முன்னர் அளித்த அறிக்கை முழுமையான ஆவணங்கள் கிடைப்பதற்கு முன் எழுதப்பட்டது என்று ஒரு வரி சேர்த்திருந்தார். என் தவறையும் அவர் தவறையும் அந்த ஒரு வரி சேர்த்து மூடிவிட்டது. எனக்கு ஆட்சேபம் இல்லை.

அதன் பிறகும் ஏழு மாதம் ஆனது. காகிதம் திருவனந்தபுரம், டெல்லி, கொழும்பு என்று போனது. கொழும்பிலிருந்து ஒரு கேள்வி டெல்லிக்கு வந்து, அங்கிருந்து எங்களுக்கு வந்தது. பதில் அதே வழியில் திரும்பியது. இடையில் யோவானிடமிருந்து ஒரு கடிதம். முகாமில் தச்சு வேலை பழகுவதாகவும், உடம்புக்கு ஒன்றுமில்லை என்றும், அத்தான் எப்படி இருக்கிறார் என்றும் எழுதியிருந்தான். அக்காவைப் பற்றி ஒரு வரி, அத்தானைப் பற்றி நாலு வரி. ராத்திரித் தொழிலுக்கு அவரைத் தனியாக விடவேண்டாம், கண் தெரியாது என்று இருந்தது. செல்லபாய்க்கு வாசித்துக் காட்டினேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். இரண்டாம் முறை முடித்ததும் கடவத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

1953 மார்ச்சில் தந்தி வந்தது. யோவான் வருகிற நாளில் திருநெல்வேலி பஸ்ஸுக்காக நானும் போய் நின்றேன். செல்லபாயும் ஏசுஅடிமையும் முன்னமே வந்திருந்தார்கள். அவள் ஒரு தூண் பக்கம், அவர் இன்னொரு தூண் பக்கம். ஆரல்வாய்மொழியில் எல்லைச் சோதனைக்கு நிறுத்தியதால் பஸ் தாமதமாம். வெயில் ஏறியது.

நான் யோவானை அதற்கு முன் பார்த்ததில்லை. கடைசியாக இறங்கினான். ஒல்லியான, உயரமான ஆள். கையில் துணிப்பை. இறங்கியவன் நேராக ஏசுஅடிமையிடம் போனான். அவர் அவன் தோளைத் தொடப் போய், தொடாமல் கையை இறக்கிக்கொண்டார்.

"அத்தானே, மரம் கிடைச்சுதா?" என்று கேட்டான் யோவான்.

"இல்ல மக்கா. அது போச்சு."

"போகட்டு. வேற கெட்டுவோம்."

செல்லபாய் கிட்டே வந்தாள். தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். அவன் உதடு வெடித்திருந்தது. முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, "அவனுக்குக் குடிக்க வெள்ளம் வாங்கிக் குடுங்க. எவ்வளவு நேரமாட்டு வெயில்ல வாறான்" என்றாள்.

ஏசுஅடிமை உடனே போகவில்லை. தன்னிடம்தான் பேசினாளா என்று நிச்சயப்படுத்திக்கொள்கிறவர் போல ஒரு நிமிஷம் நின்றார். பிறகு எதிர்க்கடைக்கு ஓடினார்.

யோவான் தாலுகா அலுவலகத்தில் ஆஜராகி, வந்து சேர்ந்ததைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. மறுநாள் நானே கூட்டிப் போனேன். பொன்னுலிங்கம் அவனை உட்காரவைத்து, பெயரும் ஊரும் கேட்டு எழுதினார். பிறந்த இடம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"கொழும்பு" என்றான் யோவான். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்த வருஷம் முடிவதற்குள் கரையோரத்திலிருந்து இன்னும் ஒன்பது குடும்பங்கள் இதே போன்ற விவகாரங்களோடு என்னிடம் வந்தன. சிலருக்கு வழி இருந்தது, சிலருக்கு இல்லை. ஒருவனை இரண்டு நாடும் வேண்டாம் என்றன. அவனுக்காக ஐந்து வருஷம் எழுதியும் பலிக்கவில்லை, முகாமிலேயே இறந்தான். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, எங்கே பிறந்தீர்கள் என்பது. அவர்கள் சொல்வதை எழுதி, அவர்களுக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.